இரண்டு மென்டார்களும் ஓர் எருமையும்

அரசு வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி விளக்கம் கேட்டு வந்தவை. ஏன் கூட்டத்துக்குத் தாமதம், ஏன் படிவத்தில் கையெழுத்து இல்லை, ஏன் போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அலுவலகக் கவரைப் பார்த்தாலே பிரிப்பதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அன்று வந்தது வேறு மாதிரி இருந்தது. "களப்பணியில் நீண்ட அனுபவமும் பொறுமையும் மிக்க தாங்கள், சக செவிலியர் ஒருவருக்கு மென்டாராக நியமிக்கப்படுகிறீர்கள்" என்று எழுதியிருந்தது. பொறுமை என்ற சொல்லை என் கணவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

"கவர் மேல உன் பேர்தான் இருக்குதா, நல்லா பாத்தியா?" என்றார் அவர்.

என் பேர்தான் இருந்தது.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் குப்பம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இரண்டு அறை கொண்ட துணை சுகாதார நிலையம். அதில் செவிலியரும் நான்தான், எழுத்தரும் நான்தான், பெருக்குகிறவளும் நான்தான். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, பிரஷர் சுகர் இருப்பவர்களுக்கு மாத்திரை கொடுப்பது, அவர்கள் அதை விழுங்கினார்களா அல்லது அடுப்பங்கரை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார்களா என்று துப்பறிவது எல்லாம் என் வேலை. ஊரே என்னிடம் வந்து குறை சொல்லும். நான் யாரிடம் சொல்வது? அதற்காகத்தான் இந்தத் திட்டம் என்றார்கள். தனியாக ஒரு கிராமத்தில் வேலை பார்க்கும் செவிலியர் மனம் சோர்ந்துபோகாமல் இருக்க, அதே வேலை பார்க்கும் இன்னொருவர் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். காது கொடுப்பவர் மென்டார். பேசுபவர் மென்டி.

எங்கள் குப்பத்துப் படகுக்காரரிடம் இதைச் சொன்னபோது, "மேஸ்திரின்னு சொல்லுங்க" என்றார்.

"மேஸ்திரி இல்லப்பா. அதட்டக் கூடாது, வேலை ஏவக் கூடாது. கேட்டுக்கணும், அவ்ளோதான்."

"அப்போ அது இன்னா மேஸ்திரி?" என்று அவர் நம்பிக்கை இழந்துவிட்டார்.

வட்டார அலுவலகத்தில் அரைநாள் பயிற்சி நடந்தது. கூடத்தில் பாதிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் எங்களைக் காலையில் ஒரு குழு, மதியம் ஒரு குழு என்று பிரித்துக் கூப்பிட்டிருந்தார்கள். நான் காலைக் குழு. பயிற்சி கொடுக்க வந்த அம்மா பச்சை அட்டை போட்ட கையேடு ஒன்றைக் கொடுத்து, மூன்று விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆலோசனை சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். மென்டி எதைச் செய்தாலும் முதலில் பாராட்டுங்கள். மென்டி ஆரம்பத்தில் முறுக்கிக்கொள்வார், அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

எனக்கு மென்டியாக வந்தவர் திருப்பாலைவனத்துப் பக்கம் வயல் நடுவே இருக்கும் கிராமத்துச் செவிலியர். வட்டாரக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துவிடுவார், யாருக்கும் விட மாட்டார். வயது, பணிக்காலம் எல்லாம் கிட்டத்தட்ட எனக்குச் சமம். கூட்டத்தில் அவரை வயல் சிஸ்டர் என்பார்கள், என்னை ஏரி சிஸ்டர் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், வயல் சிஸ்டர் பிறந்தது ஏரிக்கரைக் குப்பத்தில். ஏரி சிஸ்டராகிய நான் பிறந்தது நெல் விளைகிற ஊரில்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்று மதியக் குழுவில் அவரும் அதே கூடத்தில் உட்கார்ந்து, அதே பச்சைக் கையேட்டை வாங்கிக்கொண்டு போயிருந்தார். அவருக்கும் அதே கடிதம். அதில் மென்டார் அவர், மென்டி நான். தட்டச்சு செய்தவர் எந்த இடத்தில் கை தவறினாரோ, மூன்று மாதம் இது எங்கள் இருவருக்கும் தெரியாது.

முதல் நாள் போனில் கூப்பிட்டேன்.

"சிஸ்டர், லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சு சிஸ்டர். நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"ஒண்ணும் பயப்படாதீங்க. நாம சகஜமா பேசிக்கலாம்."

"நான் ஏன் சிஸ்டர் பயப்படணும்? நீங்க பயப்படாதீங்க."

முறுக்கிக்கொள்கிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அங்கே அவரும் தன் நோட்டில் அதையே குறித்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது.

அடுத்த வாரமே அவர் பஸ் பிடித்து என் நிலையத்துக்கு வந்துவிட்டார். நான் போக வேண்டிய இடத்தில் அவரே வருகிறாரே, எவ்வளவு ஆர்வம் என்று நினைத்தேன். அப்போது நான் மீன் விற்கும் அம்மா ஒருவருக்குப் பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று அடித்திருந்தேன். வயல் சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே கனிவாகப் பார்த்தார். நானும் அவரைக் கனிவாகப் பார்த்தேன்.

"இப்ப உங்க மனசுல இன்னா ஓடுது சிஸ்டர்?" என்றேன்.

"இன்னா ஓடுதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார்.

"நான் நினைக்கிறது கிடக்கட்டும். உங்களுக்கு எப்படித் தோணுது?"

"எனக்குத் தோணுறது முக்கியம் இல்ல சிஸ்டர். உங்களுக்குத் தோணுறதுதான் முக்கியம்."

"ரொம்ப நல்ல பதில்" என்று பாராட்டினேன்.

"ரொம்ப நல்ல கேள்வி" என்று அவரும் பாராட்டினார்.

"இந்த வேலையில உங்களுக்கு எது கஷ்டமா இருக்குது?"

"அதை நீங்களே சொல்லுங்களேன்."

பெஞ்சின் ஓரத்திலிருந்து மீன்காரம்மா குறுக்கிட்டார். "ரெண்டு பேருல யாருக்குத் தோணினாலும் சரி. மொதல்ல கைய அவுத்து வுடுங்கம்மா, மரத்துப் பூட்ச்சு."

பட்டையை அவிழ்த்தேன். பிரஷர் நூற்றைம்பதைத் தாண்டிக் காட்டியது. அது அவருடைய பிரஷரா, எங்களால் ஏறியதா என்று தெரியாமல் பத்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தேன். இறங்கியிருந்தது.

அடுத்த தடவை அவர் வந்த நாள், நான் ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவுக் குப்பத்துக்குப் போக வேண்டிய நாள். அங்கே ஒரு பிறந்த குழந்தைக்கு ஊசி போட வேண்டும், இரண்டு கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும். படகில்தான் போக முடியும். "நானும் வரேன் சிஸ்டர்" என்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை. எங்கள் ஊரில் தண்ணீர் வாய்க்காலில் வரும், வயலில் நிற்கும், ஆடாது. இங்கே அது நம்மைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. பதினோரு வருடமாக வாரத்தில் இரண்டு தடவை தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் படகில் போய் வருகிறேன். குப்பத்தில் யாருக்கும் தெரியாது. நர்சம்மா நம் பிள்ளைகளுக்காக வழி முழுக்கச் சாமி கும்பிட்டுக்கொண்டே வருகிறாள் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். அந்த நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கும் மனம் வரவில்லை.

வயல் சிஸ்டர் படகில் கால் வைத்த விதத்திலேயே அது அவருக்குப் பிறந்த வீடு என்று தெரிந்தது. விளிம்பில் ஒய்யாரமாக உட்கார்ந்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து முந்தானையைச் செருகிக்கொண்டார். நான் கண்ணை மூடினேன். கொஞ்ச தூரம் போனதும் என் காதருகே குரல் கேட்டது.

"சிஸ்டர், வேண்டிக்கிறீங்களா? பயந்துக்கிறீங்களா?"

"வேண்டிக்கிறேன்."

"பெட்டிய இந்த புடி புடிச்சா உள்ள இருக்கிற மருந்து உடைஞ்சுடும். கண்ணத் தொறங்க. தண்ணியப் பாக்காதீங்க. அதோ அந்தக் கரையில சவுக்குத் தோப்பு தெரியுதில்ல, அதைப் பாருங்க."

ஆலோசனை சொல்கிறாரே என்று எரிச்சல் வந்தது. ஆனால் மென்டிக்கு ஏதாவது தெரிந்திருந்தால் அதை வெளிக்காட்ட இடம் கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் படித்திருந்தேன். இடம் கொடுத்தேன். கண்ணைத் திறந்து தோப்பைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"தரை தட்டிடுச்சு" என்றார் படகுக்காரர். "எல்லாரும் எறங்குங்க. தள்ளணும்."

"எங்க எறங்குறது?" என்றேன்.

"ஏரியிலதான்."

ஏரி நடுவில், நாலா பக்கமும் தண்ணீர், தூரத்தில் பூநாரைக் கூட்டம், அங்கே என்னை இறங்கச் சொல்கிறார். வயல் சிஸ்டர் முதலில் குதித்துவிட்டு என் கையைப் பிடித்தார். குடும்பத்தில் ஒவ்வொருவரையாக நினைத்துக்கொண்டு நானும் இறங்கினேன். கால் சேற்றில் பதிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், பதினோரு வருடம் நான் நடுங்கிய அந்தத் தண்ணீர் என் முழங்காலுக்குக் கீழே நின்றது.

"இவ்ளோதானா?" என்று கத்தினேன்.

"நீங்க இன்னான்னு நெனச்சீங்க?" என்றார் படகுக்காரர். "இங்க வுழுந்தாக்கூட முழுவ மாட்டீங்கம்மா. படுத்தாத்தான் முழுவுவீங்க."

பயம் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. படகைத் தள்ளி ஏறியதும் பழையபடி நடுங்கினேன். தீவில் இறங்கியதும் தள்ளாடிப் போய்ப் படகு கட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். வயல் சிஸ்டர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இது யாருக்கும் தெரிய வேணாம் சிஸ்டர்" என்றேன்.

"என் வாயிலருந்து ஒரு வார்த்தை வராது" என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். வாயிலிருந்து வரவில்லை. எழுத்தில் வந்தது.

அதற்கு அடுத்த தடவை நான் அவர் ஊருக்குப் போனேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீடு எதிர்த் தெருவின் கடைசியில் தெரிந்தது. ஆனால் இவர் ஊருக்கு வெளியே கூட்டிப்போய், வரப்பு வரப்பாக அரைமணி நேரம் நடக்க வைத்து, அதே வீட்டின் கொல்லைப்பக்கம் கொண்டுவந்து சேர்த்தார்.

"ஏன் சிஸ்டர் இந்தச் சுத்து?"

"நடந்தா உடம்புக்கு நல்லது."

"மழைக்காலத்துல?"

"மழையில நடந்தா இன்னும் நல்லது."

நான் கையேட்டில் சொன்னபடி பேசாமல் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே வாயைத் திறந்தார். "அந்தத் தெருவுல ஒரு எருமை இருக்குது சிஸ்டர்."

"சரி."

"அது என்னையே பாக்குது."

"எருமை எல்லாரையும் அப்படித்தான் பாக்கும்."

"இல்ல சிஸ்டர். மத்தவங்களப் பாக்கறது வேற, என்னப் பாக்கறது வேற. கடல்ல சுறா வந்தாக்கூட வலையில வரும். இது நடுத்தெருவுல நின்னுகினு இருக்குது."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஆனாலும் மென்டி மனம் திறந்துவிட்டார் என்று உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. நான் எருமைகளோடு வளர்ந்தவள். திரும்பும்போது அந்தத் தெரு வழியாகவே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். எருமை தெருவின் குறுக்கே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. "நேரா போகாதீங்க. பக்கவாட்டுல போங்க. குரல் குடுங்க. கழுத்துக்குக் கீழ லேசா சொறிஞ்சு வுடுங்க, அதுக்கு அது போதும்" என்றேன்.

அவர் பையிலிருந்து எதையோ எடுத்துக் கேடயம் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு, "யம்மா, நல்லா கீறியா?" என்று நடுங்கும் குரலில் எருமையை விசாரித்தபடி ஒவ்வொரு அடியாக வைத்தார். எருமை தலையைத் திருப்பியது. நாக்கை நீட்டியது. அவர் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டது.

அது பச்சை அட்டைக் கையேடு. எருமைக்கு அது தழை மாதிரி தெரிந்திருக்கும். முதலில் அட்டை போனது, பிறகு முன்னுரை, பிறகு 'செவிமடுத்தல்' என்ற அத்தியாயம். மென்டிகளுக்கும் அதே கையேட்டைத்தான் கொடுத்திருக்கிறார்கள் போலும் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை. வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

"இன்னா நர்சம்மா, மாட்டுக்குப் போய் பேப்பர் குடுக்கறீங்க? பால் கறக்கலேன்னா யாரு பதில் சொல்றது?"

"நான் குடுக்கல. அது வாங்கிக்கிச்சு" என்றார் வயல் சிஸ்டர். அவருடைய இன்னொரு கை எருமையின் கழுத்தில் இருந்தது. தன்னை அறியாமல் சொறிந்துகொண்டிருந்தார். இனிமேல் இந்தப் பக்கம் வரும்போது பையில் ஒரு கட்டு அகத்திக்கீரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது மாதத்தில்தான் முதல் அறிக்கை அனுப்பச் சொன்னார்கள். மென்டார் எழுதி, மென்டிக்கு மேலே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் கட்டங்கள் மிகச் சின்னவை. அதனால் சுருக்கமாக எழுதினேன். மென்டியின் முக்கியச் சவால்: எருமை. அறிகுறி: நேருக்கு நேர் பார்க்கத் தயக்கம். எடுத்த நடவடிக்கை: அகத்திக்கீரை.

பத்து நாள் கழித்து எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முப்பதைத் தாண்டியிராத பிள்ளை, வெட்கப்படுகிறவர். கதவைச் சாத்தினார். டீ வரவழைத்தார். டாக்டர் டீ வரவழைத்தால் விஷயம் பெரிது என்று எங்களுக்குத் தெரியும்.

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா சிஸ்டர்?"

"நல்லா இருக்காங்க சார்."

"உங்களுக்கு... அந்தப் பிரச்சினை... எத்தனை வருஷமா?"

வயல் சிஸ்டர் எப்படியோ வாய் விட்டிருக்கிறார் என்று புரிந்தது. இனி மறைத்துப் பயனில்லை. "பதினோரு வருஷமா சார். இந்தக் குப்பத்துக்கு வந்ததுலருந்து."

அவர் முகம் வாடிவிட்டது. "தினமுமா?"

"இல்ல சார். வாரத்துல ரெண்டு நாள்தான். காத்து ஜாஸ்தியா இருந்தா ஒரு நாள்."

"காத்துக்கும் இதுக்கும் என்ன சிஸ்டர்?"

"காத்து அடிச்சா ரொம்ப ஆடும் சார்."

"தனியாவா?"

"தனியா எப்படி சார் முடியும்? படகுக்காரர் கூடத்தான். சில நாள் ஸ்கூல் டீச்சருங்க வருவாங்க."

"டீச்சர்ஸுமா!"

"பச்சப் புள்ளைங்ககூட வரும் சார். அதுங்களுக்குப் பயமே கிடையாது. நமக்குத்தான் கொமட்டும்."

டாக்டரின் பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் கொஞ்ச நேரம் மேலே வரவேயில்லை. வந்ததும் கேட்டார். "நிறுத்திடணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"நான் நிறுத்திட்டா அந்தத் தீவுல யாரு சார் ஊசி போடுறது?"

அவர் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். படித்தேன். 'முக்கியச் சவால்: தண்ணி. அறிகுறிகள்: கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி. மற்றவர்களிடம் மறைக்கிறார், பக்தி என்று சொல்லிச் சமாளிக்கிறார். எடுத்த நடவடிக்கை: கவனத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லியுள்ளேன்.' காகிதத்துக்குப் பக்கத்தில் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வது பற்றிய துண்டுப் பிரசுரங்கள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"சார்" என்றேன். "இது ஏரித் தண்ணி."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிரசுரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது. "மன்னிச்சிடுங்க சிஸ்டர். ரெண்டு ராத்திரியா நான் தூங்கல, இதை உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இன்னும் அந்தக் காகிதத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மென்டார் கையொப்பம்' என்று அச்சிட்ட இடத்தில் வயல் சிஸ்டரின் கையெழுத்து இருந்தது.

நேரே போய் பஸ் ஏறினேன். திருப்பாலைவனம் நிறுத்தத்தில் இறங்கினால், எதிர்ப்பக்கம் பழவேற்காடு பஸ்ஸுக்காக வயல் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து வந்தார்.

"என்னைப் போய் எருமைன்னு எழுதியிருக்கீங்களே! எங்க டாக்டரம்மா கூப்பிட்டு, 'இப்படித் திட்டுறவங்ககூட இனிமே நீங்க போகாதீங்க'ன்னு சொல்லுது. எனக்கு அகத்திக்கீரை வேற போட்டீங்களாம்!"

"நீங்க என்னைக் குடிகாரின்னு எழுதல? டாக்டர் சார் நோட்டீஸ் எல்லாம் அடுக்கி வெச்சிருந்தாரு!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நர்சம்மாங்க ரெண்டு பேரும் சண்டை" என்று யாரோ உள்ளே இருப்பவர்களுக்குச் செய்தி சொன்னார்கள்.

"என்னைப் பத்தி ரிப்போர்ட் எழுத நீங்க யாரு சிஸ்டர்?"

"நான் உங்க மென்டார்."

"நான்தான் உங்க மென்டார்!"

இருவரும் பையைத் திறந்து கடிதத்தை எடுத்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே தேதி, அதே முத்திரை, அதே நீண்ட அனுபவமும் பொறுமையும். பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. மூன்று மாதமாக அவர் மீது நான் காட்டிய கருணையெல்லாம் என் நினைவுக்கு வந்து காதைச் சுட்டது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"நோட்டுல என்னைப் பத்தி இன்னா எழுதியிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் எடுத்துக் காட்டினேன். 'பெரிய ஆள் போல் காட்டிக்கொள்கிறார். போகப்போகச் சரியாவார்.' அவர் தன் நோட்டைக் காட்டினார். 'நிறையப் பேசுகிறார். திருந்த வாய்ப்பு உண்டு.'

முதலில் யார் சிரித்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு. சிரித்த சிரிப்பில் இரண்டு பஸ் போய்விட்டது. டீக்கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு டீ கொண்டுவந்து கொடுத்து, "சமாதானமா?" என்றார்.

அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். போன வருடம் அவர் ஊரில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் குழந்தை போய்விட்டது. இவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முதல் நாளே போய்ப் பார்த்திருந்தால் என்ற எண்ணம் விடவில்லை. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள், அலுவலகத்தில் சொன்னால் எழுதிக் கொடு என்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லையாம். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு என்னிடம் இருந்த இதே மாதிரி ஒன்றை நானும் சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த நாள் இருவரும் வட்டார அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் இரண்டு கடிதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பட்டியலை இனி மாற்ற முடியாது, யாராவது ஒருவர் மென்டியாக ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார்.

"அவங்க போடட்டும்" என்றேன் நான்.

"அவங்க போடட்டும்" என்றார் வயல் சிஸ்டர்.

அலுவலகத்துக்காரர் தன் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் எனக்கு டீ வரவழைத்த எங்கள் டாக்டர்தான் வழி சொன்னார். ஒரு மாதம் நான் மென்டார், அடுத்த மாதம் அவர். மென்டியாக இருக்கும் மாதத்தில் எதிராளி கேட்கும் கேள்விக்கு எதிர்க்கேள்வி போடக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கடைப்பிடிக்க எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

திட்டம் போன பங்குனியோடு முடிந்தது. நான் இப்போதும் படகில் நடுங்கிக்கொண்டுதான் போகிறேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகிறேன். நர்சம்மா சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டாளே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று குப்பத்துப் பெண்கள் விசாரித்தார்கள். வயல் சிஸ்டர் இப்போது தெரு வழியாகவே போகிறார். எருமை அவர் பையை மோந்து பார்த்துவிட்டு, அகத்திக்கீரை இல்லாத நாளில் வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வருகிறதாம். அந்தக் கர்ப்பிணிக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை.

சென்ற மாதம் அடுத்த சுற்றுக்குப் பெயர் கேட்டுச் சுற்றறிக்கை வந்தது. மென்டியாக யாரைப் பரிந்துரைக்கிறீர்கள் என்ற கட்டத்தில் நாங்கள் இருவரும் கலந்து பேசி, எங்கள் டாக்டரின் பெயரை எழுதி அனுப்பினோம். டாக்டர்களை மென்டியாகப் போட விதியில் இடமில்லை என்று உடனே பதில் வந்தது. விஷயம் அவர் காதுக்கு எட்டியபோது முகம் சிவந்துவிட்டது. ஆனால் அடுத்த வியாழக்கிழமை, வயல் சிஸ்டரும் என்னோடு அவர் நிலையத்துக்கு வந்திருந்தபோது, வெளிநோயாளிகள் எல்லாம் போன பிறகு எங்களைப் பார்த்து, "சிஸ்டர், உங்களுக்குக் கொஞ்சம் நேரம் இருக்குமா?" என்று கேட்டார். அவரே மூன்று டீ சொன்னார்.

நாங்கள் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் அவர் பேசினார். வயல் சிஸ்டர் ஒரே ஒரு தடவை வாயைத் திறக்கப் பார்த்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை லேசாக மிதித்தேன்.